எட்டாவது துளை

காட்பாடியில் நான் ஏறிய பாசஞ்சர் வண்டி, குடியாத்தம், மேல்பட்டி, பச்சகுப்பம் என்று ஒவ்வொரு நிலையத்திலும் நின்று இளைப்பாறி ஆம்பூரை அடைந்தபோது, நிலையத்துக் கடிகாரத்தில் மணி பத்தைத் தாண்டியிருந்தது. என் தகப்பனார் முப்பது வருஷ காலம் கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதா கடிகாரமோ, வார் அறுந்துபோன காரணத்தால், என் சட்டைப் பைக்குள் ஒரு காகிதப் பொட்டலத்தில் உறங்கிக்கொண்டிருந்தது.

கைக்கடிகாரங்களில் பிரியம் கொண்ட ஆறேழு பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவ்வூரில் என் நண்பர் வீட்டு மாடியில் கூடுவது வழக்கம்; அன்று நானும் அந்தக் கூட்டத்துக்கே வந்திருந்தேன். ஜமக்காளத்தின் மேல் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, ஒவ்வொருவரும் தம் கையிலிருப்பதைக் கழற்றி அதன்மேல் வைப்பார்கள். பிறகு அது எப்படித் தம்மிடம் வந்தது என்று சொல்லத் தொடங்குவார்கள். விலையைப் பற்றிப் பேச்சே எழவில்லை என்பதை நான் விசேஷமாகக் கவனித்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வைத்ததும் ஒரு ஜனதாதான். காலை 7.15-க்கு ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தி தொடங்கும் சமயத்தில் அதற்குச் சாவி கொடுப்பதை நாற்பது வருஷமாக அவர் ஓர் அனுஷ்டானம்போல் செய்து வருகிறாராம். நேரு பிரதமராக இருந்த 1961-ஆம் வருஷத்தில், ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியுடைய ஒத்துழைப்போடு, பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தயாரிப்பில் இறங்கிய கதையையும், கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு அதன் காஞ்சன் கடிகாரத்தை வாங்கித் தருவது கௌரவமாக இருந்த காலத்தையும், 2016-இல் அந்தக் கடிகாரப் பிரிவை மூடிவிடுவதென்று மத்திய அரசு தீர்மானித்த செய்தியையும், ஒரு நெருங்கிய உறவினரின் சரித்திரத்தைச் சொல்வதுபோல் அவர் சொன்னார். பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் இளைஞர் ஒருவர், தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் டாட்டாவும் 1984-இல் கூடித் தொடங்கிய டைட்டானின் எட்ஜ் கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அதன் கனம் மூன்றரை மில்லிமீட்டரே. அதன் ஸ்படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது என்று அவர் சொல்ல, “நம்ம ஜனதா அஞ்சு தடவைதான் தட்டும் தம்பி, ஆனா தட்டுறது காதுல விழும்” என்றார் ஆசிரியர்.

எனக்குப் பெரிதும் பிடித்திருந்தது, காலணித் தொழிற்சாலையில் தையல் மிஷினில் வேலை செய்யும் ஓர் அம்மையாரின் சிறிய கடிகாரம். பஸ்ஸில் போகும்போது முகப்பை மணிக்கட்டின் உட்புறமாகவும், மிஷினில் உட்கார்ந்ததும் வெளிப்புறமாகவும் திருப்பிக்கொள்வது அவர் பழக்கம். “அதனால எனக்கு வாரு ஒரு ஓட்டை தளர்வாவே இருக்கணுங்க” என்று அவர் சொன்னபோதுதான், அதுவரை நடந்த சம்பாஷணை முழுவதிலும் வாரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. இயந்திரத்தையும் முகப்பையும் முட்களையும் வியந்து பேசுகிறோம்; உடம்பைத் தொட்டுக்கொண்டு, வேர்வையைக் குடித்துக்கொண்டு, நம்மோடு சேர்ந்து மூப்படைகிற பாகமோ அந்தத் தோல் ஒன்றுதான். என் பொட்டலத்தை அவிழ்த்துக் காட்டினேன். “வாரு செய்யுற பாய்கிட்ட கூட்டிட்டுப் போங்க” என்று அந்த அம்மையார் நண்பரிடம் சொன்னார்.

பாயின் பட்டறை ஒரு சந்தின் கோடியில், கல்நார்க் கூரைக்கடியில் இருந்தது. நான்கு பேர் வேலை செய்கிறார்கள். காலணிக்கு மேல்தோல் வெட்டியதுபோக மிஞ்சும் துண்டுகளை எடைக்கு வாங்கி வார் செய்வது அவருடைய தொழில். துண்டு என்று சொன்னாலும் எல்லாத் துண்டும் அவர் கைக்கு உகந்ததாகிவிடாது. ஒவ்வொன்றையும் இரண்டு பெருவிரல்களுக்கிடையே மடக்கி, இழுத்து, முகர்ந்தும் பார்த்து ஒதுக்குகிறார். “முதுகுத் தோல் இழுக்காது சார், வயித்துத் தோல் இழுத்துக்கிட்டே போகும். வயித்துல வாரு வெட்டினா ஆறு மாசத்துல ஓட்டையெல்லாம் முட்டை மாதிரி ஆயிடும்” என்றார். பழைய எச்.எம்.டி. கடிகாரங்கள் பலவற்றின் காதிடைவெளி, அதாவது வார் பொருந்தும் இடத்தின் அகலம், 18 மில்லிமீட்டர். அந்த அகலத்துக்குரிய இரும்பு அச்சை வைத்து அழுத்தினால் நீண்ட துண்டும் குட்டைத் துண்டுமாக வார் பிறக்கிறது. உண்மையான சாமர்த்தியம் அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது. ஓரங்களையும் முனைகளையும் கத்தியால் உட்புறமாகச் சீவி, காகிதம்போல் மெலிவாக்கி, நடுவில் மட்டும் கனம் நிற்கும்படி விட்டு, அடியில் வெள்ளாட்டுத் தோலை ஒட்டி, கடிகாரத்தோடு இணைக்கும் பின் ஊசி நுழைவதற்கென்று முனையை மடித்து, தைத்து, ஓரத்துக்குச் சாயமிட்டு, மரக்கட்டையால் பளபளவென்று தேய்க்கிறார்கள். சீவும் வேலையைச் செய்த பையன் என்னோடு பேசிக்கொண்டே இருந்தான். கத்தி தோலைத் தொடும் கணத்தில் மட்டும் அவன் பேச்சு நின்று, மூச்சும் நின்று, சீவல் சுருண்டு விழுந்த பிறகே இரண்டும் திரும்பின.

அடித்தோல் ஏன் குரோம் தோலாக இல்லை என்று பாயிடம் கேட்டேன். குரோம் உப்பில் ஒரு நாளில் பதமாகிவிடும் தோல், மரப்பட்டைச் சாற்றில் பதமாக வாரக்கணக்கில் பிடிக்கும். ஆயினும் பட்டையில் பதனிட்ட தோல்தான் வேர்வையை உறிஞ்சிக் கைக்கு இதமாக இருக்கும் என்பது அவர் அபிப்பிராயம். அக்காலத்தில் இந்தப் பிரதேசத்தில் ஆவாரம் பட்டையில் தோலை ஊறவைத்து, வெயில் பட்டுச் சிவக்காமல் இருக்கும்பொருட்டுக் கடுக்காய்ச் சாற்றில் முடிப்பார்களாம். பிறகு வாட்டில் மரத்தின் பட்டை வந்து ஆவாரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தோலின் பெருமையைச் சொல்லும்போது பாலாற்றை மறந்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. தோல் கழிவு நீரால் இந்த ஆற்றங்கரையின் கிணறுகளும் வயல்களும் கெட்டுப்போனதும், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்ததும் இந்த ஊர் மனிதர்களின் வாழ்க்கையோடு பிணைந்த விஷயங்கள். நான் கட்டப்போகும் வாரின் விலையில் ஒரு பங்கை யாரோ ஒரு குடியானவன் ஏற்கெனவே தன் கிணற்று நீரால் கொடுத்திருக்கிறான் என்ற எண்ணம் அந்தப் பட்டறையில் இருந்த நேரம் முழுவதும் என்னை விட்டு அகலவில்லை.

பாய் என் பழைய வாரை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“இது யார் கட்டினது சார்?”

“என் தகப்பனார் கடைசியாகக் கட்டியது.”

“மூணாவது ஓட்டையில ரெண்டு மூணு வருஷம் கட்டியிருக்கார், பாருங்க, பக்கிள் பட்டுப் பட்டுப் பள்ளமே விழுந்திருக்கு. அப்புறம் நாலு, அஞ்சு, ஆறு, ஏழு. அதெல்லாம் கொஞ்ச கொஞ்ச நாள்தான், தடம் ஆழமா இல்ல. இந்த எட்டாவது ஓட்டை கம்பெனி போட்டது இல்ல. எதையோ சூடு காட்டிக் குத்தியிருக்காங்க.”

குத்தியவன் நான்தான். கட்டிலில் படுத்திருந்த தகப்பனார், தம் கையைத் தூக்கும்போதெல்லாம் கடிகாரம் முழங்கை வரையில் நழுவிப் போகிறது என்று சொல்லி, ஒரு மார்கழி மாதத்து இரவில், ஜாமெட்ரிப் பெட்டியிலிருந்த காம்பஸ் முனையை விளக்கில் காய்ச்சி அந்தத் துளையைப் போடச் சொன்னார். அடுத்த நாள் காலையில் சாவி கொடுக்க அவர் விரல்களில் வலு இல்லை, நான் கொடுத்தேன். இவை யாவும் என் ஞாபகத்திலிருந்து எப்படியோ கழன்று போயிருந்தன. தோலோ ஒன்று விடாமல் வைத்துக்கொண்டிருந்தது.

புது வாருக்கு எத்தனை துளை என்று பையன் கேட்டான். ஏழு போதும் என்றேன். பாய் என் மணிக்கட்டை இரண்டு விரலால் வளைத்துப் பார்த்து, மூன்றாவது துளையில் பூட்டினார்.

“சாவி குடுங்க சார்.”

கொடுத்தேன். வினாடி முள் ஒரு கணம் தயங்கிப் பிறகு நகர்ந்தது. பக்கத்துப் பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. பழைய வாரை அவர் கழிவுப் பெட்டியில் போடவில்லை. கிழித்த செய்தித்தாளில் சுருட்டி, நூல் கட்டி, என் சட்டைப் பையில் தாமே வைத்துவிட்டுத் தொழுகைக்கு எழுந்து போனார்.