நாளைக்கு எழுதலாம்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டால் எங்கள் வகுப்பில் முதலில் வரும் பதில் "நாளைக்கு." சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. "நமக்கு எழுத வருமா? படித்தால் சிரிப்பார்களோ?" என்ற அச்சமே அதிகம்.

எங்கள் காரைக்காலுக்குச் சற்று வடக்கே உள்ள தரங்கம்பாடியிலும், பிறகு மாயூரத்திலும் முன்சீப்பாக இருந்தவர் வேதநாயகம் பிள்ளை. நாளெல்லாம் வழக்கும் தீர்ப்பும். அதற்கிடையே 1859-இல் நீதிநூல் வெளியிட்டார்; 1869-இல் பெண் கல்விக்காகவே ஒரு நூல். (பெண்கள் பள்ளிக்கு வருவதே அரிதாயிருந்த காலம் அது!) தமிழில் நாவல் என்று ஒன்று அதுவரை இல்லை, பார்த்து எழுத மாதிரியும் இல்லை. ஆயினும் 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியது. 1826-இல் பிறந்தவருக்கு அப்போது வயது ஐம்பதைக் கடந்திருந்தது.

அந்நாவலில் கதையை நிறுத்திவிட்டு உபதேசம் நீளும் இடங்கள் உண்டு. எங்களில் சிலருக்கு அங்கே கொட்டாவியும் வந்தது. குறையே இல்லாமல் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை என்பதுதான் எங்களுக்குத் தைரியம் தந்தது.

இப்போது மதிய உணவுக்குப் பின் வேப்பமரத்தடியில் நாங்கள் ஆறு பேர் தினமும் பத்து வரி எழுதுகிறோம். ஒருத்தி எழுதியதை மற்றொருத்தி அன்றைக்கே உரக்கப் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மாங்கனித் திருவிழாவைப் பற்றி நேற்று ஒருத்தி எழுதியதில் மூன்று வரிகள் மிக நன்றாக இருந்தன. மீதி ஏழையும் இன்று திருத்திக்கொண்டிருக்கிறாள்.