மே சொட்டுக்கு ஒரு சீட்டுக்காசு

2022 மார்ச் 5

மே சொட்டிலிருந்து கடிதம் வந்துவிட்டது. தாய்லாந்தின் மேற்கு எல்லையில் உள்ள ஊர் அது. மோய் ஆற்றைத் தாண்டினால் மியன்மார். அகதிகளின் பிள்ளைகளுக்கும் கூலித் தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் அங்கே நடக்கிற சின்னப் பள்ளிகளில் ஒன்று, ஒரு வருடம் ஆங்கிலம் படிப்பிக்க மட்டக்களப்புக்காரியான அவளை அழைக்கிறது. சம்பளம் கிடையாது. தங்க இடமும் சாப்பாடும் தருவார்கள். விமானச் சீட்டு, விசா, காப்புறுதி, கைச்செலவு எல்லாம் அவள் பொறுப்பு. கூட்டிப் பார்த்தால் 1500 டொலர். இன்றைய விலைக்கு மூன்று லட்சத்துச் சொச்சம் ரூபாய்.

அம்மா கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "இஞ்ச நம்மட பிள்ளையளுக்குப் படிப்பிக்க ஆளில்லாமக் கிடக்கு. அங்க ஏன் மகள்?"

மார்ச் 8

நேற்று மத்திய வங்கி ரூபாயைப் பிடித்திருந்த பிடியைத் தளர்த்தியது. டொலர் 230 வரை போகலாமாம்.

மார்ச் 20

அம்மாவின் கேள்விக்கு அவளிடம் பதில் உண்டு. சொல்லத்தான் வரவில்லை.

2007 மார்ச்சில், போரால், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை வெறிச்சோடியது. ஷெல் விழ விழ, கொக்கட்டிச்சோலைப் பக்கத்துச் சனம் மாடு கன்றை அவிழ்த்து விட்டுவிட்டு வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தது. மண்முனைத்துறையில் அப்போது பாலம் இல்லை. அவளுக்கு ஒன்பது வயது. முகாமில் நீலத் தறப்பாளின் கீழ் ஒரு அக்கா வந்து படிப்பித்தார். நிவாரணப் பிஸ்கட் பெட்டிகளைப் பிரித்து, உள்பக்கத்தில் கறுப்புப் பேனையால் எழுத்துகளை எழுதி, கூடாரக் கயிற்றில் உடுப்புக் கவ்வியால் தொங்கவிடுவார். காற்றடித்தால் எழுத்தெல்லாம் திரும்பிக்கொள்ளும். பிள்ளைகள் ஓடிப்போய்த் திருப்பிவிடுவார்கள். எங்கிருந்து வந்தார், யார் அனுப்பினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சில மாதத்தில் போய்விட்டார். அதன்பின் அந்தக் கூடாரத்தில் அரிசி மூட்டை அடுக்கினார்கள்.

2021 கடைசியில் மியன்மாரின் லே கே கோ என்ற ஊரில் சண்டை மூண்டு, ஆயிரக்கணக்கானோர் மோய் ஆற்றைக் கடந்து ஓடிய படங்களைப் பார்த்த இரவுதான் அவள் விண்ணப்பத்தை எழுதினாள்.

மார்ச் 31

இன்று 13 மணி நேர மின்வெட்டு. இணையவழி ஆசிரியர் பயிற்சி 120 மணி நேரம். விடியப்புறம் கரண்ட் வரும்போது எழும்பிப் படிக்கிறாள்.

ஏப்ரல் 1

வாவிக்கரையில் சிலையாக நிற்கிற மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் இறந்த நாள் இது. ஆண்டு 1815.

அவர் புறப்பட்ட கதையை அவள் இப்போது வேறு கண்ணால் படிக்கிறாள். 1813இல் லிவர்பூலில் மெதடிஸ்த சபை கூடியபோது, ஆசியாவுக்கு ஆட்களை அனுப்பப் பணம் எங்கே என்று தயங்கினார்கள். அறுபது வயதைத் தாண்டிய தோமஸ் கோக், தன் சொந்தப் பணத்தில் 6000 பவுண் வரை தருவதாகச் சொல்லி அனுமதி வாங்கினார். மிஷன் வேலைக்காக ஆண்டாண்டாக வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கி வந்த மனிதர் அவர். அவரே கப்பலேறினால் இனி யார் கேட்பது? அந்த ஒக்டோபரில் லீட்ஸில் ஒரு கூட்டம் போட்டு, நிதி திரட்டவென்றே சங்கம் அமைத்தார்கள். வருட முடிவில் கோக்கும் ஓல்ட் முதலான மிஷனரிகளும் கப்பலேறினார்கள். வழியிலேயே ஓல்ட்டின் மனைவி இறந்தார். 1814 மே 3 காலையில் கோக் தன் அறையில் இறந்து கிடந்தார். பணம் எடுப்பதற்கான கடிதங்கள் அவர் பெயரில் இருந்தன. பம்பாயில் இறங்கியபோது மற்றவர்கள் கையில் காசில்லை. கப்பல் தலைவர் அறிமுகம் செய்த வணிகர் ஒருவர் கடன் கொடுத்திராவிட்டால், அவர்கள் இலங்கையைப் பார்த்திருப்பார்களோ என்னவோ.

ஜூன் 29இல் காலியில் இறங்கினார்கள். யார் எங்கே போவது என்று அங்கேதான் தீர்மானித்தார்கள். மட்டக்களப்பு ஓல்ட்டுக்கு. தன்னந்தனி ஆளாக வந்தவர் எட்டுப் பள்ளிகளைத் தொடங்கினார். ஒரு வருடம் முடியுமுன் இறந்துவிட்டார்.

மதம் பரப்பத்தான் வந்தார். அதை மறைத்து எழுதுவது சரியில்லை. ஆனால் அவளைக் குடைவது வேறொன்று. ஏப்ரல் 2ஆம் திகதி காலையில் அந்த எட்டுப் பள்ளிகளையும் யார் திறந்தார்கள்?

ஏப்ரல் 17

டொலர் 300ஐத் தாண்டிவிட்டது. பயணத்துக்கென்று சேர்ந்த காசு கூடக்கூட, தேவை அதைவிட வேகமாகக் கூடுகிறது.

ஏப்ரல் 24

பயணக் காசுக்காகச் சோத்துப் பார்சல் விற்றார்கள். காஸ் இல்லை, விறகடுப்புதான். மாமிமார் நாலுமணிக்கே வந்து இறால் உடைக்கத் தொடங்கினார்கள். மண்ணெண்ணெய் இல்லாமல் தோணிகள் பாதி கரையில் கிடக்கிற நேரத்தில், இறால் கொடுத்தவர் காசு வாங்க மறுத்தார். "பிள்ளை படிப்பிக்கத்தானே போகுது" என்றார். அன்று அவள் பாட்டு முணுமுணுத்தபடி சட்டி கழுவினாள்.

புனித மிக்கேல் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர் ஐயாயிரம் ரூபாயைக் கையில் வைத்தார். ஃபாதர் மில்லரிடம் படித்தவராம். அமெரிக்காவிலிருந்து 1948இல் வந்த யேசு சபைத் துறவி பென் மில்லர், 2019 ஜனவரி 1இல் இங்கேயே காலமானவர். "அவர் வந்தவர், திரும்பிப் போகவே இல்லை. நீங்க எவ்வளவு காலம் இருப்பீங்க, மகள்?" என்று அந்தப் பழைய மாணவர் கேட்டார். ஒரு வருடம் என்றாள். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன பொருள் என்று அவள் இரவு முழுக்க யோசித்தாள்.

மே 16

ஊரடங்கு. டொலர் 360. அதே 1500 டொலருக்கு இப்போது ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் வேண்டும். விட்டுவிடலாம் என்று இன்று முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னாள். அம்மா ஒன்றும் பேசவில்லை.

மே 18

அம்மா சீட்டில் முதல் கழிவிலேயே காசை எடுத்துவிட்டார். நட்டம்தான். "போறதெண்டா போ. ஆனா அந்தப் பிள்ளையளுக்கு ஒரு வழி சொல்லிப்போட்டுப் போ."

அந்தப் பிள்ளையள் என்றால், பின்னேரம் முற்றத்தில் பாய் விரித்து அவள் காசு வாங்காமல் படிப்பிக்கிற பிள்ளைகள்.

ஜூன் 22

பெற்றோல் இல்லை, பாடசாலைகள் ஒழுங்காக நடக்கவில்லை. முற்றத்தில் கூட்டம் கூடிவிட்டது. உயர்தரம் படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளையை உதவிக்குக் கூப்பிட்டாள். முதல் நாள் அந்தப் பிள்ளையின் குரல் நடுங்கியது. கரும்பலகைப் பக்கமே திரும்பி நின்றுகொண்டு பேசியது. "என்னைப் பார்க்காத கிளி, அவையளைப் பார்" என்று அவள் மாமரத்தின் பின்னால் போய் நின்றாள். மே சொட்டுக்கென்று படித்த பயிற்சிப் பாடங்களை இப்போது அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

ஜூலை 9

கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்துவிட்டது. அவள் போய் நின்ற கடவுச்சீட்டு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் நாட்டை விட்டுப் போகிறவர்கள். திரும்பி வரும் திட்டத்தோடு நிற்கிறவள் தான் ஒருத்திதானோ என்று அவளுக்குத் தோன்றியது.

ஆகஸ்ட் 12

அவள் மே சொட்டுக்கு ஒரு கேள்வி எழுதிப் போட்டாள்: முன்பு வந்த தொண்டர் ஆசிரியர் போன பிறகு அந்த வகுப்பை யார் எடுத்தார்கள்?

ஆகஸ்ட் 19

பதில் வந்தது. யாரும் எடுக்கவில்லை; அதனால்தான் உங்களை அழைத்தோம். உள்ளூர்ப் பெண்கள் இருவர் கற்பிக்க ஆசைப்படுகிறார்கள், அவர்களைப் பழக்க முடியுமா? அப்படியென்றால் ஒரு வருடம் போதாது, இரண்டு வருடம் வேண்டும்.

இரண்டு வருடத்துக்குக் காசு இல்லை. கைச்செலவுக் கணக்கைக் கொப்பியின் புதுப் பக்கத்தில் திரும்பவும் தொடங்கியிருக்கிறாள். முற்றத்தில் வகுப்பு நடக்கிறது. இன்று அவள் அங்கே போகவில்லை.