வேடியப்பன் கல்லும் கட்ரா ரோடும்

சந்தவாசலில் எங்கள் கொல்லையை ஒட்டிய ஏரிக்கரையில் ஒரு வேடியப்பன் கல் இருந்தது. என் இடுப்பளவு உயரம். ஒரு கையில் வாள், மறு கையில் வில், காலடியில் மாடு போல ஒரு புடைப்பு. வெள்ளிக்கிழமைதோறும் ஆயா கழுவி மஞ்சள் பூசுவாள். செங்கம் பக்கமெல்லாம் பல்லவர் காலந்தொட்டே இப்படி நடுகற்கள் உண்டு, ஆநிரை மீட்கப் போராடி விழுந்தவர்களுக்கு நட்டவை என்பதெல்லாம் பிற்பாடு படித்தது. அப்போது எனக்கு அது சாமி.

பெரியப்பாவுக்கு மட்டும் அது ஆள்.

அவர் ஆரணி ரோடு ஸ்டேஷனில் கீமேன். விடியுமுன்னே சைக்கிள் மிதித்துப் போய், தண்டவாளத்தோடே மைல் கணக்கில் நடந்து, தளர்ந்த சாவிகளைச் சுத்தியலால் அடித்து இறுக்குவார். 1971 போரில் ரயில்வே பிராந்திய ராணுவத்தோடு ராஜஸ்தான் எல்லைக்குப் போய்வந்தவர். அங்கே மணல் தண்டவாளத்தையே மூடிவிடும் என்பார். சண்டையைப் பற்றி வாய் திறக்க மாட்டார், செப்டம்பர் 9 தவிர.

"ஆரணி ரோட்டுல ஆரணி இருக்குதாடா?"

"இல்ல பெரிப்பா. அது அந்தாண்ட, தூரமா."

"கட்ரா ரோடும் அப்பிடித்தான். ஸ்டேஷன் நம்மகிட்ட, கட்ரா ஊரு பாகிஸ்தான்ல. நம்ம லைன் மாதிரியே மீட்டர்கேஜ்."

1965இல் அதே தேதியில், போர்முனைக்கான பாதையைக் காக்கப் போன ரயில்வேக்காரர்கள்மேல் அங்கே விமானத்திலிருந்து குண்டு விழுந்தது. 17 பேர் செத்தார்கள். அவர்களுக்கு அங்கே நினைவுச்சின்னம் இருக்கிறது. ஆண்டுதோறும் அந்த நாளில் ரயில்வேக்காரர்கள் கூடி மாலை போடுகிறார்கள். எல்லையில் விழுந்த சிப்பாயை ஊர் நினைக்கிறது, அவனுக்குச் சோறும் தோட்டாவும் போன பாதையைச் செப்பனிட்டவனை நினைப்பதில்லை. இது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

"அவங்க கையில இன்னா கத்தி பெரிப்பா?"

"கத்தி ஏது? கடப்பாரை, ஸ்பானர், சுத்தி."

சொல்லிவிட்டுத் தன் சுத்தியலை வேடியப்பன் கல்மேல் சாய்த்து வைத்துக் கற்பூரம் ஏற்றினார். ஆயா திட்டப்போகிறாள் என்று நான் பயந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கிண்ணத்தில் மீந்திருந்த மஞ்சளை வழித்துச் சுத்தியலின் பிடியில் பூசினாள்.

மறுநாள் அந்த மஞ்சளோடேதான் பெரியப்பா வேலைக்குப் போனார்.