ஓட்டமும் உலையும்: சில குறிப்புகள்

* கும்மிடிப்பூண்டி சிப்காட். இரும்பை உருக்கும் ஃபர்னஸ்கள், பழுக்கக் காய்ந்த கட்டியைக் கம்பியாக நீட்டும் ரோலிங் மில்கள். வேலைக்கு நடுவே ஒருவருக்கு வயிற்றைப் பிரட்டினால் "பித்தம்", "நேத்து சாப்பிட்டது ஒத்துக்கல" என்று முடித்துவிடுகிறோம். சூட்டையும் உழைப்பையும் யாரும் சந்தேகிப்பதில்லை.

* காவலர் தேர்வுக்கு விடியற்காலையில் ஓடிப் பழகும் திருவள்ளூர்ப் பிள்ளைகள். ஆண்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிடத்துக்குள். கடைசிச் சுற்றை மூச்சைப் பிடித்து முடித்ததும் ஓரமாகக் குனிந்து ஓங்கரிப்பவர்கள் உண்டு. உலைக்கு முன் நிற்பவருக்கும் இவர்களுக்கும் வயிற்றுக்குள் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான்.

* சும்மா இருக்கும்போது இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு வயிறு, குடல், ஈரல் பக்கம் போகிறது. கடும் உழைப்பில் அந்த ரத்தத்தைத் தசை கேட்கும். உடம்பு சூடேறினால் தோலும் கேட்கும். குடலுக்குப் போவது ஐந்தில் நான்கு பங்கு வரை குறையலாம். வயிற்றில் இருப்பது கீழே இறங்காமல் தங்கும், குமட்டும். வியர்வையில் நீர் வற்ற வற்ற இது கூடும்.

* 1996, அமெரிக்க ஒலிம்பிக் தகுதி மாரத்தான். பாப் கெம்பைனன் கடைசி மைல்களில் வாந்தி எடுத்துக்கொண்டே ஓடி முதலிடம் பிடித்தார். தேர்ந்த வீரருக்கே வருவது இது. வாந்தி எடுத்தவரை "தெம்பில்லாதவன்" என்று சொல்லக் கூடாது.

* ஓடுகிறவர்களுக்கு: முழுச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மூன்று மணி நேர இடைவெளி. ஓடும் முன் எண்ணெய்ப் பலகாரம், திகட்டும் இனிப்புள்ள கூல் டிரிங்க்ஸ் வேண்டாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது குடலைப் புண்ணாக்கலாம்.

* வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பார்த்தார்கள். 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. அதற்கும் முதல் அடையாளம் குமட்டலாக இருக்கலாம். நீண்ட நேரம் வியர்ப்பவர்களுக்கு உப்புப் போட்ட மோர், நீராகாரம், ஓ.ஆர்.எஸ். நல்லது.

* சூட்டில் உழைக்கும்போது குமட்டலோடு தள்ளாட்டம், பேச்சுக் குழறல், குழப்பம் வந்தால் அது வெப்பத்தாக்காக இருக்கலாம். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். 108ஐ அழைக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

* ஓட்டக்காரர் நினைத்தால் நின்றுவிடலாம். மில் தொழிலாளி நிற்க, அவர் இடத்தில் இன்னொருவர் வேண்டும். ஒப்பந்தக் கூலிக்கு வெளிமாநிலத்திலிருந்து வந்தவர் "முடியல" என்று யாரிடம், எந்த மொழியில் சொல்வார்?

* 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. தண்ணீர் மட்டும் போதாது; ஓய்வும் வேண்டும்.

* போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது சிலருக்குச் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை. அன்றாடம் நீர் வற்றுவதன் விலை வாந்தியோடு நிற்பதில்லை.

* 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் ஃபர்னஸ் முன்னால் மார்கழியிலும் கோடைதான். வானிலை எச்சரிக்கை அங்கே எட்டாது.

* கேட்க வேண்டியவை: ஒவ்வொரு ஷிஃப்டிலும் மாற்று ஆள். காற்றோட்டமான ஓய்விடம். புதிதாகச் சேர்ந்தவருக்கும் ஊருக்குப் போய்த் திரும்பியவருக்கும் முதல் வாரம் குறைந்த வேலை. உடம்பு சூட்டுக்குப் பழக அவ்வளவு நாளாகும். வேலைநேர வாந்தி, மயக்கம் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். உட்கார்ந்த நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது. பிடித்தால் யாரும் உட்கார மாட்டார்கள்.