நான்கு நிமிடமும் இரண்டு மணி நேரமும்

10 கிலோமீட்டர் மாரத்தான் நீச்சல் ஒலிம்பிக்ஸில் நுழைந்தது 2008-இல், பெய்ஜிங்கில். 2024 பாரிஸ் வரை ஆண், பெண் இரு பிரிவிலும் சேர்த்து 10 தங்கம் வழங்கப்பட்டிருக்கிறது. அதில் 4 நெதர்லாந்துக்குப் போயின. அந்த நான்கில் இரண்டை வென்றவர் ஒரே பெண்: ஷரோன் வான் ரௌவெண்டால். இந்தப் போட்டியில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வேறு யாரிடமும் இல்லை, ஆண்களிடமும்கூட. இப்படியொரு ஆள் எங்கிருந்து உருவானார் என்று தேட ஆரம்பித்தேன்.

ஒரு பகுதி கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நாடு, திரும்பிய பக்கமெல்லாம் கால்வாய், அங்கே நீந்தாமல் என்ன செய்வார்கள் என்பது பலரும் சொல்லும் விடை. அந்த நாட்டுக்கு நெடுந்தூர நீச்சல் மரபு உண்டுதான். 1956-இல் ஹங்கேரிக்குள் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து நெதர்லாந்து ஒலிம்பிக்ஸைப் புறக்கணித்தது. உலக சாதனைகளைக் கையில் வைத்திருந்த மேரி கோக் என்ற பதின்வயதுப் பெண்ணுக்கு மெல்போர்ன் கைநழுவிப் போனது. பின்னாளில் அவர் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். பிறகு எடித் வான் டைக் வந்தார். 25 கிலோமீட்டரில் உலகப் பட்டம் வென்றார். பெய்ஜிங்கில் ஆண்களின் முதல் தங்கம், ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டுவந்த மார்ட்டன் வான் டெர் வைடனுக்கு.

ஆனால் ஷரோன் இந்த வரிசையில் நின்று வளர்ந்தவர் அல்ல. 1993-இல் பார்ன் என்ற ஊரில் பிறந்தவர்; சின்ன வயதிலேயே குடும்பம் பிரான்ஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பழைய போட்டி முடிவுகளைப் புரட்டியபோது அவர் பெயர் கண்ணில் பட்ட இடம் என்னை நிறுத்தியது. ஷாங்காய், 2011 உலகப் போட்டி, 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக், வெண்கலம். நேரம் 2 நிமிடம் 7.78 விநாடி. மல்லாந்து நீந்தி இரண்டு நிமிடத்தில் முடிக்கிறவர், எப்படிக் குப்புற இரண்டு மணி நேரம் நீந்தப் போனார்?

லண்டன் ஒலிம்பிக்ஸில் பதக்கம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் போய்ச் சேர்ந்த இடம் தெற்கு பிரான்ஸின் நார்போன், பயிற்சியாளர் பிலிப் லூக்கா. லோர் மனோதூவை 2004-இல் 400 மீட்டர் ஒலிம்பிக் தங்கத்துக்குக் கொண்டுபோனவர் அவர். நீந்தவைத்தே ஆளைப் பிழிந்தெடுப்பவர் என்று பெயர் வாங்கியவர். ஷரோனின் ஊற்று கால்வாய்களில் இல்லை, இந்த நீச்சல்குளத்தில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். 2014-இல் பெர்லினில் 10 கிலோமீட்டர் ஐரோப்பியப் பட்டம் கைக்கு வந்துவிட்டது.

குளம்தான் ஊற்று என்பதை எனக்கு உறுதிப்படுத்தியது 2015 கசான் உலகப் போட்டி. அங்கே தனிநபர் போட்டிகளில் ஷரோனுக்கு இரண்டு வெள்ளி. ஒன்று திறந்த நீரில் 10 கிலோமீட்டர். இன்னொன்று குளத்தில் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல். அதில் அவருக்கு முன்னால் முடித்தவர் கேட்டி லெடெக்கி மட்டுமே. நான்கு நிமிடப் பந்தயத்திலும் இரண்டு மணி நேரப் பந்தயத்திலும் ஒரே ஆள் உலகின் இரண்டாமிடம்! மாரத்தான் நீச்சலில் பெரும்பாலும் கூட்டமாகவே வந்து கடைசிக் கட்டத்தில்தான் பிரிவார்கள். அங்கே குளத்துக்காரரின் வேகம்தான் பேசும்.

ரியோ ஒலிம்பிக்ஸில், கோபகபானா கடலில் அது பேசியது. முடிவுக்கோட்டில் தொடுபலகை தண்ணீருக்கு மேலே தொங்கும். கையை உயர்த்தி அறைய வேண்டும். ஷரோன் அறைந்தபோது பக்கத்தில் யாருமில்லை. 17 விநாடி கழித்து அதே பலகைக்காக ஓரெலி முல்லரும் ரக்கேலே புரூனியும் முட்டிமோதினார்கள். புரூனியைத் தடுத்ததற்காக முல்லர் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்.

டோக்கியோவில் அனா மார்செலா குன்யாவிடம் 0.9 விநாடியில் தங்கம் போனது. ஜெர்மனியின் மாக்டபுர்க்கில் பெர்ன்ட் பெர்க்கானிடமும் பயிற்சி பெற்றார்; 2022-இல் உலகப் பட்டம், 2024 தோஹாவில் 5, 10 கிலோமீட்டர் இரண்டிலும் தங்கம். அந்த மே மாதம், ரியோ வெற்றியின் பெயரைச் சூட்டி வளர்த்த நாய் இறந்துபோனது. உடைந்துபோனார். அதன் பாதத்தை மணிக்கட்டில் பச்சை குத்திக்கொண்டு பாரிஸ் வந்தார்.

செய்ன் நதி அன்று பலமாக இழுத்தது. எதிர்நீச்சலில் எல்லோரும் கரைச்சுவரை ஒட்டி ஒற்றை வரிசையில் ஊர்ந்தார்கள். நடுவில் போனால் ஆறு பின்னால் தள்ளிவிடும். ஆஸ்திரேலியாவின் மோஷா ஜான்சன் முன்னால் போக, ஷரோன் அவரை விடாமல் ஒட்டியே வந்தார். முந்தியது கடைசிச் சுற்றில்தான். இரண்டு மணி நேரம் நீந்திய பிறகு, 5.5 விநாடி வித்தியாசத்தில் பலகையை முதலில் அறைந்தார்.