பவானிசாகரின் நடுவே ஒரு மேடு

மாயாறு பவானியோடு கலக்குமிடத்தில், ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளனுடைய தண்டநாயகனின் பெயரால் விளங்கிய டணாயக்கன்கோட்டை, 1955-இல் கீழ்பவானி அணை பூர்த்தியானபோது தன் கோயில்களோடும் வீதிகளோடும் ஜலத்தில் அமிழ்ந்துபோயிற்று. நீர்மட்டம் வெகுவாகத் தாழும் கோடைகளில் மட்டும், பவானிசாகர் நீர்த்தேக்கத்தின் நடுவே மனித வாசமற்ற திட்டு ஒன்றில் மாதவராயப் பெருமாள் கோயில் தலைகாட்டுகிறது. சோலையாற்றையும் நீராற்றையும் அணைகளாகவே கண்டு வளர்ந்த வால்பாறைக்காரனாகிய எனக்கு, ஓர் அணையின் உள்ளே கிடப்பதைக் கண்கொண்டு பார்க்கும் பாக்கியம் அங்கேதான் கிட்டியது.

பரிசலிலிருந்து இறங்கியதும் முதலில் கண்ணிற்பட்டவை காய்ந்து வெடித்த வண்டலில் பதிந்திருந்த யானைகளின் கால்தடங்கள். அவற்றைக் கடந்து சென்றால், எத்தனையோ ஆண்டுகளின் நீர்மட்டங்களை உடலில் கோடுகோடாகத் தாங்கிய கருங்கல் தூண்கள், நத்தை ஓடுகள் சிதறிய மண்டபம், அதற்கப்பால் மூர்த்தியில்லாத கருவறை. விக்கிரகங்களை முன்பே எடுத்துச் சென்று அணைக்குக் கீழே புதுக்கோயிலில் பிரதிஷ்டை செய்துவிட்டார்கள். ஆயினும் கல்தச்சனின் சிரத்தை இன்னும் அத்தூண்களை விட்டு அகலவில்லை.

நீலகிரியை அடக்கியவன் என்ற விருதைத் தாங்கிய மாதவ தண்டநாயகன் காலந்தொட்டு, மலைக்கும் சமவெளிக்கும் இவ்வூரே வாயிலாக இருந்து வந்தது. 1812-இல் நீலகிரியை அளக்கப் புறப்பட்ட கீஸ் என்னும் வெள்ளைக்கார அதிகாரியும் இவ்வழியாகவே மலையேறினார்.

“எங்க அம்மிச்சி பொறந்த ஊருங்க இது. கடைசி வரைக்கும் தை மாசம் வந்தா இந்தப் பக்கம் பார்த்துத்தானுங்க கும்பிடுவாங்க” என்றார் பரிசல்காரர்.

சுமார் 200 கிலோமீட்டர் ஓடி இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாயும் கீழ்பவானி வாய்க்கால் இல்லையேல் ஈரோட்டுச் சீமையின் பல கிராமங்களில் நெல்லேது, மஞ்சளேது? அணை வேண்டாமென்று அந்தப் பரிசல்காரர்கூடச் சொல்லவில்லை. ஆனால் அவ்வாய்க்கால் நீரால் விளைந்த சோற்றை உண்ணும் நாம், வீட்டையும் வயலையும் குலதெய்வத்தையும் விட்டு வெளியேறியவர்களுக்குக் கடன்பட்டவர்கள் என்பதை எவ்விடத்தில் எழுதிவைத்தோம்? ஒவ்வொரு பெருவெள்ளமும் அத்தூண்களின்மீது மேலும் வண்டலைச் சேர்க்கிறது. நீர் வற்றும் கோடைகளிலேனும் தொல்பொருள் வல்லுநர்கள் அங்கே சென்று எஞ்சியதை அளந்து வரைந்து பதிவுசெய்ய வேண்டும். அணையடிப் பூங்காவுக்கு வந்து மகிழும் ஜனங்கள் அனைவரும் படிக்கும்படி, அமிழ்ந்த ஊர்களின் பெயர்களைப் பொறித்த ஒரு கல்லையாவது அங்கே நாட்ட வேண்டும்.