பெட்டியில் கிடந்த கம்பளிகள்

திருமலையின் மார்கழிக் குளிர் பெயர்பெற்றது. சுமார் 2,800 அடி உயரமல்லவா? சித்தூரில் குடியேறிய நாள் முதல் ஆண்டுதோறும் நாங்கள் அங்குச் சென்று வருகிறோம். சென்றபோதெல்லாம் ஆளுக்கொரு கம்பளி மப்ளர் வாங்கினோம். திருப்பதிக்கு இறங்கியதுமே அதற்கு வேலை தீர்ந்துவிடும். வீடு வந்ததும் பெட்டிக்குள் புகுந்துவிடும்.

தந்தையார் மறைந்தபின் அவருடைய சாம்பல் நிற மப்ளரையும் அவ்வாறே பூட்டிவைத்தோம். இரண்டாண்டுகள் கழித்துத் திறந்தபோது பூச்சி அரித்துப் பாதியே எஞ்சியிருந்தது. அன்னையார் ஒன்றும் பேசவில்லை. அதை மடியில் வைத்தபடி நெடுநேரம் அமர்ந்திருந்தார்.

கம்பளியை அரிக்கும் புழு இருட்டையும் அசைவற்ற இடத்தையும் நாடுவது. வியர்வை படிந்த துணி அதற்கு மிகவும் உகந்தது. இதனை அறிந்தபின் எஞ்சியவற்றை வெளியே எடுத்தோம். குளிர்ந்த நீரில் மெல்ல அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் விரித்து உலர்த்தினோம். சிவப்பு மப்ளர் நாற்காலியின் முதுகை அணி செய்தது. பச்சை மேசைவிரிப்பாயிற்று. நீலமும் மஞ்சளும் சன்னலில் தொங்கின. நவராத்திரியில் கொலுப்படிகளுக்கு ஓரமாயின. அவ்வப்போது உதறி, மீண்டும் அணிவிக்கிறோம். அண்டை வீட்டுத் தெலுங்கு நண்பர்கள் வினவினால், ஒவ்வொன்றுக்கும் ஒரு பயணக் கதை உண்டு.

தந்தையாரின் மப்ளரில் எஞ்சிய பாதியை ஓரம் தைத்து அவர் படத்தின் கீழே விரித்திருக்கிறோம். அன்னையார் நாள்தோறும் அதைத் தொட்டுச் சீர்செய்கிறார்.

ஊர்விட்டு வந்த நம்மவர் நினைவுப் பொருள்களைப் பூட்டிவைப்பதில் வல்லவர். அன்பர்களே, இன்றே உங்கள் பெட்டிகளைத் திறந்து பாருங்கள்.